பச்சை வாசலுக்கு, சிவப்பு தொட்டிலுக்கு

செப்டம்பர் 17

இன்று எனக்கு வளைகாப்பு. கணபதி ஏரியாவில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தச் சத்தம் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கேட்குமாம். கேட்கட்டும். எனக்குக் கேட்காது, என் வீட்டுக்காரர் தாமுவுக்கும் கேட்காது. இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே அப்படித்தான்.

வளையல் போட்டு முடிந்ததும் தாய் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அம்மா இல்லை. கோபியில் இருக்கும் அக்கா செல்வநாயகியின் வீடுதான் எனக்குத் தாய் வீடு. மாமா காரை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. போன வாரம் அக்கா, நான் உதட்டைப் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “உங்க ரெண்டு பேத்துக்கும் காது கேக்காது. கொழந்த அழுதா யாருக்குத் தெரியும் மணி? பேச்சு வர்ற வரைக்கும் எங்ககிட்ட வளரட்டும் கண்ணு.” பேச்சு வரும் வரைக்கும் என்றால் மூன்று வருஷம். அவர்கள் வீட்டில் உத்தரத்தில் தொட்டில் கொக்கி மாட்டி, அறைக்கு மஞ்சள் பெயின்ட்டும் அடித்தாயிற்று.

வாசலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, என் பிள்ளையை என் வீட்டிலேயே வளர்ப்பேன், அழுதால் எனக்குத் தெரிகிற மாதிரி விளக்கு செய்துகொள்வேன் என்று கையால் சொன்னேன். சின்ன வயதிலிருந்து எங்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு கைப்பேச்சு உண்டு. அக்காவுக்கு ஒரு எழுத்துகூடத் தவறாமல் புரிந்தது. போய்க் கார் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பத்து நாள் நான் இங்க இருப்பேன். ஒரு வாட்டிகூட உங்கள எழுப்ப மாட்டேன். உன்ற வெளக்கு எழுப்பட்டும். அப்புறம் நான் என்ன சொல்றனோ அதுதான்.”

ஒப்புக்கொண்டேன். கார் நான் இல்லாமலே போயிற்று.

செப்டம்பர் 18

என்ன வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். தொட்டிலுக்கு மேலே ஒரு மைக். அது சத்தத்தைப் பிடித்தால், ப்ரோக்ராம் ஏற்றிய ஒரு சின்ன போர்டு விளக்குப் பட்டைக்குச் செய்தி அனுப்பும். பட்டை படுக்கையறையில் தொடங்கி ஹால், சமையலறை, குளியலறை நடை வரை சுவரின் மேல் ஓரமாக ஓட வேண்டும். நான் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கண்ணில் பட வேண்டும். பாப்பா அழுதால் வீடு முழுக்கச் சிவப்பு. காலிங் பெல் அடித்தால் வீடு முழுக்கப் பச்சை.

எனக்கு இது புதிதல்ல. வேலையே பம்ப்செட் பேனல் போர்டுகளில் ஈயப் பற்று வைக்கிற சால்டரிங்தான். வீட்டில் மூன்று வருஷமாகத் தீபாவளிக்கு ஜன்னலில் விளக்குப் பட்டைகளால் செய்த மயிலை ஆடவிடுகிறேன். அந்தப் பட்டைகளில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிப் இருக்கும். நீ இந்த நிறத்தில் எரி, நீ அந்த நிறத்தில் எரி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லலாம். மயில் பாதி ஆட்டத்தில் நின்றால் தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இது மயில் இல்லை.

செப்டம்பர் 24

அலமாரியில் மயிலுக்கு வாங்கி மிச்சமான, 2812 என்ற எண் கொண்ட சிப் வைத்த பட்டை இருந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது இதைத்தான். நான்கு அறைக்கும் ஓட்டிவிட்டோம். தாமு ஏணியில், நான் கீழே நின்று அதிகாரம். ஐந்து வோல்ட் என்பதால் குளியலறை நடைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் பழுத்த இலை நிறமாகிவிடுகிறது. கடைசியில் இன்னொரு பவர் சப்ளை கொடுத்ததும் சரியாயிற்று. கை தட்டினால் சிவப்பு, பெல் அடித்தால் பச்சை. தாமு பத்துத் தடவை பெல் அடித்துப் பார்த்துவிட்டார், பிள்ளை பெறப்போவது நானா அவரா என்று தெரியவில்லை.

அக்டோபர் 2

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாமு வேகமாக வந்து தோளைப் பிடித்தார். படுக்கையறையில் நின்று பத்து நிமிஷமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாராம், நான் திரும்பவே இல்லையாம். மேலே பார்த்தேன். பட்டை இருட்டாக இருந்தது.

ஹாலில் ஒரே ஒரு விளக்கின் சிப் செத்திருந்தது. நான் வைத்த சால்டரிங் சூடாகத்தான் இருக்கும். இந்த வகையில் ஒவ்வொரு சிப்பும் செய்தியை வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாம் போச்சு.

ஒரு விளக்கு போனதற்காக நான் பயப்படவில்லை. அந்தப் பத்து நிமிஷமும் நான் நிம்மதியாக இருந்தேன், அதுதான் பயம். செத்த விளக்கும் ஒன்றுதான், அழாத குழந்தையும் ஒன்றுதான், இரண்டுக்கும் நான் பார்ப்பது ஒரே இருட்டு. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தாமுவிடம் புளி அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 3

முதல் மாற்றம்: இனிமேல் பட்டை இருட்டாகவே இருக்காது. சும்மா இருக்கும்போதும் மங்கலான வெள்ளை எரியும். இருட்டு என்றால் கோளாறு.

இரண்டாவது, சிப்பை மாற்ற வேண்டும். காந்திபுரம் கடைக்காரர் தாளில் எழுதி எழுதிக் காட்டினார். 2811 பன்னிரண்டு வோல்ட், கடைசி வரை வெளிச்சம் குறையாது. ஆனால் மூன்று விளக்குக்கு ஒரு சிப், அதிலும் ஒன்று செத்தால் பின்னால் இருப்பது எல்லாம் சாகும். 6812-இல் வெள்ளைக்கென்று தனி விளக்கு, அழகோ அழகு, ஆனால் சாவு அதே சாவு. 102 என்று ஒன்று, இரண்டு கம்பியில் செய்தி போகும், மகா வேகம், மேடை அலங்காரத்துக்கு எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம். நான் என்ன மேடையா கட்டப்போகிறேன்?

கடைசியாக 2815. பன்னிரண்டு வோல்ட். ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டு செய்திக் கம்பி. ஒன்று பக்கத்து சிப்பிடமிருந்து, மற்றொன்று அதற்கும் முந்தையதிடமிருந்து. பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் அதற்கடுத்த வீட்டுக்காரன் சொல்லிவிடுவான். அடுத்தடுத்து இரண்டு செத்தால்தான் அறுந்துபோகும். கடையில் கையிருப்பு இல்லை. வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

இதுதான். வேறு எதையும் இனி பார்க்கமாட்டேன்.

அக்டோபர் 14

புதுப் பட்டை வரும் வரை படுக்கையறையில் பழையதை வைத்து மைக்கைச் சோதிக்கிறோம். ஒரு வாரமாகத் தலைவேதனை. யாரும் கை தட்டாமலே சிவப்பு எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது. இரண்டு மைக் மாற்றியாயிற்று. தாமு போர்டையே குப்பையில் போடலாம் என்றார்.

இன்று அக்கா எள்ளுருண்டை கொண்டுவந்தாள். படுக்கையறைக்குள் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “ஏஞ்சாமி, இந்த ஃபேனு இப்படிக் கத்துது, எத்தன நாளா இப்படி?”

எத்தனை நாளாக என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருஷமாகிறது. விருந்தாளி யாரும் படுக்கையறைக்குள் வருவதில்லை. அக்கா ஸ்டூல் மேல் ஏறித் தேங்காய் எண்ணெய் விட்டாள். சிவப்பு அணைந்தது. மூன்று பேரும் சிரித்தோம், எனக்கு வயிறு வலிக்கும் வரை சிரித்தேன்.

பிறகு மைக்கைச் சரிபார்க்க நிஜமான அழுகைச் சத்தம் வேண்டும் என்றேன். அக்கா தன் போனை எடுத்துத் தொட்டிலில் வைத்தாள். ஏதோ ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுகிற வீடியோ. சிவப்பு எரிந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று ஏழெட்டு வைத்துக் காட்டினாள். அவள் போன் முழுக்கக் குழந்தை வீடியோதான். எதற்கு வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எதிராளியே வந்து நமக்கு வேலை செய்து கொடுக்கிறாள் என்று தாமுவிடம் கைஜாடையில் சொல்லிச் சிரித்தேன்.

நவம்பர் 10

பார்சல் வரவில்லை. தீபாவளி நெரிசல் என்கிறார் கடைக்காரர். இந்த வருஷம் மயில் கிடையாது.

நவம்பர் 21

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று விளக்குக்கு ஒரு சிப். 2811-ஐ அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் இதுவே போதும் அம்மா, எரியும் என்று எழுதினார். எரியும் என்பது எனக்கும் தெரியும் என்று அதே தாளில் கீழே எழுதித் திருப்பிக் கொடுத்தேன். கால் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

அக்கா பாப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னி போட்டோ அனுப்பியிருக்கிறாள். இது ஆறாவது. இவள் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்த காலத்திலேயே பின்னல் கற்றுக்கொண்டாள், டாக்டர் அறைக்கு வெளியே மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்குமாம். பின்னட்டும். ஸ்வெட்டர் கொடுத்தால் பிள்ளையைக் கொடுத்துவிடுவேன் என்று நினைப்பு.

டிசம்பர் 5

ஒருவழியாக 2815 வந்து, இன்று முழுக்க வேலை. தாமு தான் வேலை பார்க்கிற அச்சுப் பிரஸ்ஸுக்கு லீவு போட்டார். பழையதைப் பிய்த்துப் புதியதை ஒட்டி, மூலைகளில் நானே சால்டரிங். இந்தத் தடவை ஒவ்வொரு பற்றுக்கும் நடுவில் ஊதி ஆறவைத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு, எல்லா விளக்கையும் முழு வெள்ளையில் ஒரு மணி நேரம் எரியவிட்டோம். அதுதான் கடினமான சோதனை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை, கரண்ட் அதிகமாக இழுப்பது அப்போதுதான். முதல் விளக்கு எப்படியோ கடைசி விளக்கும் அப்படியே. சூடு இல்லை, மங்கல் இல்லை. மைக், பெல் இரண்டும் பழைய பட்டையிலேயே சரிபார்த்தவை, போர்டில் எதையும் மாற்றவில்லை. நாளைக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.

டிசம்பர் 6

விடியும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆட்டோ வந்தாயிற்று. பேனாவைத் தாமு பிடுங்குகிறார்.

டிசம்பர் 7

பெண். இரண்டு கிலோ எழுநூறு. காதுக்குள் ஏதோ வைத்துச் சோதித்துவிட்டு, கேட்கிறது என்று எழுதிக் காட்டினார்கள். அக்கா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். நான் அழவில்லை. கேட்காவிட்டாலும் என் பிள்ளைதான்.

டிசம்பர் 9

வீட்டுக்கு வந்தோம். அக்காவும் பெட்டியோடு வந்துவிட்டாள். ஆரத்தி, கூட்டம். எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் மைக்கை அணைத்து வைத்தேன். கணக்கில் இது முதல் நாள்.

டிசம்பர் 10

எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி முழுக்கப் பாப்பா என் மார்மேலேயே கிடந்தாள். தங்கியிருந்த கூட்டம் இன்று காலையில் போனதும்தான் மைக்கைப் போட்டேன். பதினோரு மணிக்கு நான் குளிக்கப் போனேன். குளியலறைக்குள் பட்டை கிடையாது. பாப்பா தொட்டிலில். ஹாலில் தாமு பொறுப்பு. அக்கா சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுப்பமாட்டேன் என்று சொன்ன சொல்லுக்காக.

பாப்பா அழுதிருக்கிறாள். வீடு முழுக்க விளக்கு மாறியது. பச்சையாக.

தாமு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. மூடிவிட்டு உட்கார்ந்தார். பச்சை அணையவில்லை. மறுபடி திறந்தார். மாடிப்படி வரை எட்டிப் பார்த்தார். அப்போதும் பச்சை. எந்தப் பயல் பெல்லை அழுத்திவிட்டு ஓடுகிறான் என்று கோபம் வந்து கேட் வரைக்கும் இறங்கிப் போய்விட்டார். உள்ளே குழந்தை கத்திக் கத்திச் சிவந்துவிட்டது. அக்கா எவ்வளவு நேரம்தான் கையைக் கட்டிக்கொண்டிருப்பாள்?

நான் ஈரத் தலையோடு வந்தபோது பாப்பா அவள் தோளில் இருந்தாள். தாமு மூச்சிரைக்கப் படியேறி வந்து, வெளியே யாரும் இல்லை என்று எனக்குக் கை காட்டினார்.

“கொழந்த அழுவுது. மாப்பிள்ள கதவத் தொறந்து தொறந்து பாக்கறாரு.” அக்கா இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவள் முகம் வெளுத்திருந்தது. பாப்பாவின் துணிகளை எடுத்துப் பையில் மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

காரணம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பழைய பட்டை நிறங்களைப் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் வாங்கிக்கொள்ளும். புதுப் பட்டையில் சிவப்பு முதலில், பச்சை இரண்டாவது. போர்டு பழைய வரிசையிலேயே பேசுகிறது. சிவப்பு என்று நான் சொன்னால் இது பச்சை என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளையில் மூன்றும் சமம், அதில் எந்த வித்தியாசமும் தெரியாது. கடினமான சோதனை கடினமான சோதனை என்று பீற்றிக்கொண்டு வெள்ளையையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சிவப்பை ஒரு விநாடி எரிய விட்டிருந்தால் போதும்.

பைக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன். கையால்தான் சொன்னேன், ஆனால் கத்தினேன். “பத்து நாள்னு சொன்ன. இது ரெண்டாவது நாள்.”

ப்ரோக்ராமில் ஒரே ஒரு வரி. மாற்றி ஏற்ற இருபது நிமிஷம் ஆனது. அக்கா போனில் இருந்து ஒரு குழந்தையை அழவிட்டாள். சிவப்பு. பெல்லை அழுத்தினாள். பச்சை. பையிலிருந்து துணியை வெளியே எடுக்கவில்லை. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

டிசம்பர் 12

நேற்று பதினொன்று, இன்று ஒன்பது. அழுகையைச் சொல்கிறேன். ஒன்றும் தவறவில்லை. தாமு ஓடுகிற ஓட்டத்தில் கட்டில் காலில் இடித்துக் கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

டிசம்பர் 14

குக்கர் விசில் வந்தாலும் சிவப்பு எரிகிறது. சரிசெய்யலாம், ஆனால் செய்யப்போவதில்லை. விசிலுக்கு வெட்டியாக ஓடினாலும் ஓடுகிறேன், அழுகையை விட்டுவிடக் கூடாது.

அக்காவின் முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. மத்தியானம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, கட்டிங் பிளேயரால் ஹால் பட்டையில் ஒரு விளக்கை அவள் கண் முன்னாலேயே நசுக்கினேன். நெஞ்சில் கை வைத்துவிட்டாள். அந்த ஒன்று மட்டும் அணைந்தது. அதற்கு அடுத்தது முதல் குளியலறை நடை வரை ஒன்று விடாமல் எரிந்தன. இதற்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன் என்று சொன்னேன். அக்கா அந்தச் செத்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 16

தாமு பிரஸ்ஸுக்குப் போயிருந்தார். நான்கு மணி இருக்கும். சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு எரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

பாப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலின் கயிற்றைப் பிடித்தபடி தரையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய அழுகை.

இந்த வீட்டில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பாள். சொந்த வீட்டில் மாமா இருப்பார், அக்கம்பக்கம் இருக்கும், கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷமாக அங்கே சத்தமில்லாமல்தான் அழுதிருப்பாள்.

சுவர் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்கு மெதுவாக வெள்ளைக்குத் திரும்பியது.

“பாப்பா அழுவல மணி. நாந்தான்” என்று மற்றக் கையால் சொன்னாள். “அந்த மைக்க அணைச்சுரு.”

அணைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அழு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிவப்பு எரிந்தது. பாப்பா எழவே இல்லை.

இந்த நோட்டை இப்போது முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள், எதிராளி, ஸ்வெட்டர் கொடுத்து மயக்கப் பார்க்கிறாள் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? எழுதினால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் தோற்றுவிடுவேன் என்று பயம். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 18

பத்தாவது நாள். காலையில் அக்கா தன் பெட்டியைக் கட்டினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்து, பாப்பாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் பீரோவில் அடுக்கினாள். ஆறு ஸ்வெட்டரையும் மேல் தட்டில் வைத்தாள்.

“உன்ற வெளக்கு நல்லாத்தான் வேல செய்யுது. என்னையவே காட்டிக் குடுத்துருச்சு” என்றாள். தீர்ப்பு அவ்வளவுதான்.

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று செப்டம்பரிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை.

அவள் குளிக்கப் போயிருந்தபோது போர்டை எடுத்து உட்கார்ந்தேன். சிவப்பும் பச்சையும் போக எனக்கு நீலம் மிச்சம் இருக்கிறது. போர்டு வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது. அக்காவின் போனில் ஒரு பட்டன் வைத்தேன், எங்கிருந்து அழுத்தினாலும் இங்கே வீடு முழுக்க நீலம் எரியும். இந்தத் தடவை முதலில் நிறத்தை எரியவிட்டுப் பார்த்தேன். நீலம் நீலமாகவே எரிந்தது.

கிளம்பும்போது காட்டிக் கொடுத்தேன். பாப்பாவைப் பார்க்கணும் போல இருந்தால் அழுத்து, அழணும் போல இருந்தாலும் அழுத்து, வீடியோவில் வருவேன் என்றேன். எப்பவாவது தேவைப்பட்டால் அழுத்துகிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாமு காந்திபுரம் வரை போய் கோபி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். பன்னிரண்டரைக்கு பஸ் எடுத்ததாம்.

மணி இப்போது ஒன்று ஐந்து. பஸ் இன்னும் அவிநாசிகூடத் தாண்டியிருக்காது. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். வீடு முழுக்க நீலமாக எரிகிறது.